படகு இரண்டு முறை சிமிட்டினால்

பொழுது சாயத் தொடங்கினால் மூடுவிழாக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஊரில் மற்றவர்கள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டி உட்காருகிற நேரம் அது. அவருக்கோ சொந்த வீட்டுக்குள்ளேயே திருடனாகிற நேரம்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அவர் மனைவி எழுந்து முகம் கழுவி, காபி போட்டு, "ஏங்க, சர்க்கரை தீர்ந்துபோச்சு" என்பாள். மத்தியானம் தட்டில் கூட ஒரு கரண்டி வைப்பாள், வேண்டாம் என்றால் முறைப்பாள். சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மஞ்சளாகும்போது அவள் குரல் தாழ்ந்துவிடும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசலையே பார்ப்பாள். அப்புறம் திரும்பி, இத்தனை வருஷம் தன்னோடு குடும்பம் நடத்திய மனிதரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பாள்.

"நான்தாம்மா" என்பார்.

"நான்தான்னா யாரு? எங்க வீட்டுக்காரர் டிவி ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். அவர் வந்தப்புறம் வாங்க."

முதல் தடவை கேட்டபோது அவர் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. தனியாக இருக்கிற வீட்டில் முன்பின் தெரியாத கிழவன் ஒருவன் நுழைந்துவிட்டால் ஒரு பெண்ணின் கண் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அது.

அவருக்கு மூடுவிழாக்காரர் என்ற பெயரை யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கடை திறப்பு, பாலம் திறப்பு என்று ரிப்பன் வெட்டுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. தினம் தவறாமல் மூடுவிழா நடத்தியவர் அந்த ஊரில் இவர் ஒருவர்தான். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், உச்சியில் சிவப்பு விளக்கு எரியும் கோபுரத்தோடு, ஒரு சின்ன டிவி நிலையம் இருந்தது. அதில் இரவு முறை ஆபரேட்டர் அவர். ஒளிபரப்பை முடித்து, கருவிகளை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு வருவது அவர் வேலை.

இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் காது குத்துகிறோம் என்பார்கள், ஆனால் டிவியும் ஒரு காலத்தில் தூங்கப் போனது. கடைசிப் படம் முடிந்ததும் அறிவிப்பாளர் அம்மா வந்து, "இத்துடன் எங்கள் ஒளிபரப்பு நிறைவு பெறுகிறது" என்று நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விடைபெறுகிற மாதிரி சொல்லுவார். பிறகு ஒரு படகுப் படம் வரும். கரையில் இழுத்துப் போட்ட படகு, பின்னால் அசையாத தண்ணீர், கூடவே ஒரு குழலோசை. அது முடிந்தால் வண்ணப் பட்டைகளும் 'பீ' என்று ஒரு நீண்ட சத்தமும். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனவர்கள் எழுந்து பெட்டியை அணைப்பதற்காக அந்தச் சத்தம். அதுவும் நின்றால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், உஸ்ஸென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, போய்ப் படுங்கள் என்று ஊருக்கே ஒருவர் சொல்லிவிட்ட நிம்மதி அதில் இருந்தது. இன்றைக்கு அப்படிச் சொல்ல நாதியில்லை. டிவிக்கும் தூக்கம் போனது, நமக்கும் போனது.

மூடுவிழாக்காரரின் மனைவி சரியான பயந்தாங்கொள்ளி. கல்யாணமான புதிதில் தெருக் கடைசியில் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்தார். பக்கத்து மனை காலி, அதற்கப்புறம் ஒரு பூட்டிக் கிடக்கும் கிடங்கு. இவர் சாயங்காலம் கிளம்பிப் போனால் அவள் கதவைத் தாழ்போட்டு, குறுக்கே மேசையை நகர்த்தி, கையில் துடைப்பக்கட்டையோடு உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்து வந்து அவர் தட்டினால் திறக்கமாட்டாள்.

"நான்தான் வந்திருக்கேன், திற."

"உங்க குரல் மாதிரி யாரு வேணும்னாலும் பேசலாம்."

முதல் வாரம் முழுக்க அவர் பாதித் தூக்கத்தை வாசல்படியிலேயே முடித்தார். பிறகு ஒரு யோசனை செய்தார். நிலையத்தில் அவர் மேசையில் ஒரு சின்னப் பிடி உண்டு. கீழே இழுத்தால் படம் இருண்டுவிடும், மேலே தள்ளினால் திரும்ப வரும். அவள்தான் தினமும் ஒளிபரப்பு முடியும்வரை டிவி பார்க்கிறாளே.

"படகு வருதில்ல, அதை உத்துப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு தடவை சிமிட்டினா நான் கிளம்பிட்டேன்னு அர்த்தம். அப்புறம் தட்டுறது நான்தான், தைரியமா திற. ஒரே ஒரு தடவை சிமிட்டினா அங்க ஏதோ ரிப்பேர், விடிஞ்சுதான் வருவேன். நடுவுல யார் தட்டினாலும் திறக்காதே."

"நீங்களே தட்டினா?"

"நானே தட்டினாலும் திறக்காதே" என்றார், அவள் பயம் தெளியட்டும் என்று.

அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டின் சட்டம். படகு வந்ததும் அவள் எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைப்பாள், அவர் வந்து கைகால் கழுவ. இரண்டு சிமிட்டல் வந்தால் அடுக்களைக்குப் போய், தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்த்து, அடுப்பை அணைத்து, வாசலுக்கு வந்து நிற்பாள். ஒற்றைச் சிமிட்டல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொள்வாள். ஒரு தடவை ஒற்றைச் சிமிட்டல் கொடுத்த பிறகு ரிப்பேர் சட்டென்று சரியாகிவிட்டது. மனசு கேட்காமல் அவர் வண்ணப் பட்டைகளையே இரண்டு முறை இருட்டாக்கிவிட்டுக் கிளம்பினார். தட்டியதும் அவள் திறந்தாள். "பின்னாடி சொன்னதுதானே கணக்கு" என்றாள். கெட்டிக்காரிதான். பயத்துக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? படகுப் படம் ஏன் துடிக்கிறது என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது இவர் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "வோல்டேஜ் சார்" என்றார். ஓய்வு பெறும்வரை அந்த வோல்டேஜ் அவரைக் காப்பாற்றியது. பெண் பிறந்தபோதும், சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்தபோதும், அக்கம்பக்கம் ஆள் நிறைந்து பயப்பட ஒன்றுமில்லாமல் போனபோதும், படகு தினமும் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு யாரோ பெரிய ஆட்கள் நிலையத்தை வாங்கினார்கள். இரவு பகல் என்று ஓயாமல் எங்கிருந்தோ வருவதை இங்கிருந்து காட்டினால் போதும் என்றார்கள். படகு போனது. வீடியோ நாடாக்களை எடைக்குப் போட்டார்கள். மூடுவிழாக்காரருக்கு மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மூட வேண்டியதையெல்லாம் மூடியாகிவிட்டது என்று அவரும் வீட்டில் உட்கார்ந்தார்.

இப்போது பாருங்கள். அவள் மனசில் கணவர் சாயங்காலம் வேலைக்குப் போகிறார். டிவி முடிந்தால்தான் வருவார். டிவியோ முடிவதே இல்லை. அப்படியானால் அவர் வரவே இல்லை. வராத மனிதரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மருந்தைச் சாப்பிடுகிற இந்தக் கிழவன் யார்? யோசித்தால் அவள் பயம் நியாயமானதுதான் என்று அவருக்கே பட்டது. அதுதான் அவரை அதிகம் நடுங்கவைத்தது.

டாக்டர், "எதிர்த்துப் பேசாதீங்க, போக்குல போங்க" என்று சொல்லி அனுப்பினார். எந்தப் போக்கில் போவது? ஒரு சாயங்காலம் அவள் காய் நறுக்கும் கத்தியை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கிட்ட வராதீங்க, கத்திடுவேன்" என்றாள். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு உதவிக்கு வர, ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்துக் குளியலறைக்குள் ஓடி வழுக்கி விழுந்தாள். நெற்றியில் நீலமாக வீங்கியது. வேறொரு நாள் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்தாள். அது அடிப்பிடித்து, கருகி, புகைந்தது. அன்றிலிருந்து சாயங்காலமானால் சிலிண்டர் வால்வை மூடிவிடுவார். கடைசியாக, போன வாரம் அவர் கண்ணசந்த நேரத்தில் வெறுங்காலோடு வெளியே போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம், "டிவி ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்? வீட்டுல யாரோ புகுந்துட்டாங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் வெளியூரிலிருந்து போனில் அழுதாள். அழுது முடித்ததும் குரல் மாறியது.

"அப்பா, நான் ஒரு இல்லத்துல பேசி வச்சிருக்கேன். நல்லா பார்த்துக்குவாங்க. இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க தடுக்கக்கூடாது."

"சரிம்மா" என்றார். வேறென்ன சொல்வது? மகள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் தெரியாத இடத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவில், அவள் ஒவ்வொரு சாயங்காலமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கியது. இங்கேயாவது பயப்பட ஒரே ஒரு கிழவன்தான்.

டிவி மெக்கானிக்கிடம் போகத் தோன்றியது அதற்கப்புறம்தான். கடைத்தெருவில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஒன்றின் பின்கட்டில் பழைய பெட்டிகளை அடுக்கிவைத்துக் காவல் காக்கிற மனிதன் அவன். ஐம்பதைத் தாண்டியவன்தான், ஆனாலும் மூடுவிழாக்காரருக்கு அவன் என்றும் தம்பி. விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு இருக்கணும்ணே. ஒரு ராத்திரி படம் ரெக்கார்ட் பண்ணப் போட்டுட்டு நான் தூங்கிட்டேன். படம் முடிஞ்சும் டேப் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. உங்க மூடுவிழா அதுல மாட்டியிருக்கும்."

தூசி தட்டி, நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினான். சட்டென்று அறிவிப்பாளர் அம்மா வந்தார். குழலோசை வந்தது. கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, ஓரத்தில் கோடு விழுந்து, படகு வந்தது. மூடுவிழாக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் படகைத் தன் கையால் இருட்டாக்கிய ராத்திரிகள் அத்தனையும் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்தன.

"போதும் தம்பி, நிறுத்து. தாங்கலை" என்றார். மெக்கானிக் நிறுத்தினான். மீதியைப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இருவரும் அந்தத் தொழிலில் ஊறியவர்கள். எந்த நாடாவையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் போடக்கூடாது என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக் ஒரு பழைய பெரிய டிவியையும் நாடா ஓட்டுகிற டெக்கையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். பிளக்கைச் செருகியதும் வீடே அணைந்தது. வாசல்படிக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை மேலே தள்ளினார்கள். உள்ளே டிவி மெதுவாகச் சூடேறி, வெள்ளைப் புள்ளிகளோடு உஸ்ஸென்றது. அவள் வந்து பார்த்து, "நம்ம பெட்டி சரியாயிடுச்சா?" என்று அதன் தலையைத் தடவினாள். அவருக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

"ஒரே ஒரு விஷயம்ணே" என்றான் மெக்கானிக் கிளம்பும்போது. "கரண்ட் போனா பெட்டி தானா வந்துடும். டெக் வராது, நின்னுடும். திரும்ப நீங்கதான் அமுக்கணும்."

திட்டம் இதுதான். இருட்டத் தொடங்கியதும் நாடாவை ஓட விடுவது. அறிவிப்பாளர் அம்மா பேசும்போதே நைசாக வெளியே போய்விடுவது. அவள் பழக்கப்படி கதவைத் தாழ்போடுவாள். படகு இரண்டு முறை சிமிட்டும். இவர் தட்டுவார். கிழவன் போய்விடுவான், கணவன் வீட்டுக்கு வருவான். இவ்வளவு நாள் இது தோன்றாமல் போனதே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். சாயங்காலம் முகச்சவரம் செய்து, தலையைச் சீவி, நல்ல சட்டையாகப் போட்டார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. அந்தப் படபடப்பில் சிலிண்டர் வால்வை மூட மறந்தார். போனைக் கட்டில்மேல் வைத்தது வைத்தபடி விட்டார்.

வெளிச்சம் மஞ்சளானது. அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். அறிவிப்பாளர் அம்மாவின் குரல் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். பல மாதமாகச் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்ததை அவர் கதவிடுக்கில் பார்த்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எத்தனை காலத்துக்கப்புறம் அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது.

சன்னல் திரை ஓரமாகக் கொஞ்சம் விலகியிருந்தது. கம்பியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். படகு வந்தது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அடுப்பு பற்றும் சத்தம். அவருக்கு அப்போதுதான் வால்வு ஞாபகம் வந்தது. பரவாயில்லை, இதோ சிமிட்டப் போகிறது, தானே வந்து அணைத்துவிடுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அவள் திரும்ப வந்து டிவிக்கு முன்னால் நின்றாள், கையைப் பிசைந்துகொண்டு.

படகு இருண்டது. வந்தது.

அவர் அடுத்ததற்காகக் காத்திருந்தார். குழலோசை முடிந்தது. வண்ணப் பட்டைகள் வந்தன. 'பீ' என்று சத்தம் தொடங்கியது.

ஒரே ஒரு தடவை. மெக்கானிக் தூங்கிப்போன அந்த ராத்திரி, நிலையத்தில் ஏதோ ரிப்பேர். இவர்தான் அந்தப் பிடியை இழுத்தவர், இவர்தான் அன்று வீட்டுக்கு வராதவர்.

உள்ளே அவள் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு மேசையை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். அது தரையில் தேய்ந்த சத்தம் அவர் பல்லைக் கூசவைத்தது. நாற்காலியை அதன்மேல் ஏற்றினாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கீழே உட்கார்ந்தாள். பழைய நாளில் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வருவாள். இப்போது பயம் முன்னால் வந்ததில் அடுப்பு பின்னால் போய்விட்டது.

தட்டினார். தட்டக்கூடாது என்று தெரிந்தும் தட்டினார்.

"யாரு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான்தாம்மா. திற. அடுப்பை அணைச்சிடு."

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வரமாட்டார். விடிஞ்சப்புறம் வாங்க."

"நான்தான் உன் வீட்டுக்காரன். சீக்கிரமே முடிஞ்சுபோச்சு, வந்துட்டேன்."

அப்புறம், அழுகையை அடக்கிக்கொண்டு, ஆனால் உறுதியாகச் சொன்னாள். "அவரே தட்டினாலும் திறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

மூடுவிழாக்காரர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். தன் வாயாலேயே தன் வீட்டைப் பூட்டிய மனிதன் உலகத்தில் வேறு யாராவது உண்டா? அவள் ஒரு வார்த்தை பிசகாமல் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறாள். எல்லாம் மறந்துபோனவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

அப்போதுதான் நாற்றம் வந்தது. துணி கருகும் நாற்றம். பாத்திரம் பிடிக்கிற கரித்துணியை அவள் எப்போதும் அடுப்போரத்தில் வைப்பாள், ஆயிரம் தடவை சொல்லியும் கேட்டதில்லை. சன்னலுக்கு ஓடினார். அடுக்களை வாசலில் புகை மெல்லிசாக, மேல்பக்கமாக வளைந்து கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. கூப்பிட்டால் ஓடிவருவார்கள், கதவை உடைப்பார்கள். உடைத்தால் அவள் எங்கே ஓடுவாள்? புகைக்குள்தான் ஓடுவாள். போன தடவை நெற்றியோடு போனது. உடைத்துக் காப்பாற்றினாலும் நாளைக்கு மகள் வண்டியோடு வந்து நிற்பாள். கூப்பிட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே 'பீ' சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வண்ணப் பட்டைகள் இன்னும் இருந்தன. நிலையம் இன்னும் மூடவில்லை.

பின்னாடி சொன்னதுதானே கணக்கு.

மீட்டர் பெட்டியைத் திறந்தார். அவசரத்தில் தகரக் கதவு விரலைக் கிழித்தது. இருட்டென்றால் அவளுக்கு உயிர் போய்விடும். இருட்டில் அலறிக்கொண்டு அடுப்புப் பக்கம் ஓடினால் அவ்வளவுதான், அந்தப் பாவம் தன் தலையில்தான். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் நெருப்பு உட்கார்ந்திருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

வீடு அணைந்தது. உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்டது. அவர் உடனே மேலே தள்ளினார். விளக்கு வந்தது. டிவி வர நேரமெடுத்தது. அந்தப் பழைய பெட்டி சூடேறுகிற நேரத்தில் அவர் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். டெக் நின்றுபோயிருந்தது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, உஸ்ஸென்றது. அவள் முனகல் நின்றிருந்தது. இன்னொரு தடவை இழுத்தார். இருட்டு. தள்ளினார். விளக்கு. காத்திருந்தார். வெள்ளைப் புள்ளிகள்.

சன்னலுக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. போனார்.

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, வெந்நீர்" என்று சொல்வது அவருக்குக் கேட்டது. புகையைக் கையால் விலக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தொடாதே, பாத்திரத்தைத் தொடாதே என்று உள்ளுக்குள் கத்தினார். குழாய் திறக்கும் சத்தம். சுர்ரென்று எதுவோ அணைந்தது. டக்கென்று அடுப்புப் பிடி திரும்பியது. அவள் இருமிக்கொண்டே வெளியே வந்தாள். முழுசாக வந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேசை நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

"வந்துட்டீங்களா?" என்றாள். பல மாதமாகச் சாயங்காலங்களில் அவர் பார்க்காத கண் அது. "கரித்துணி எரிஞ்சுபோச்சு, திட்டாதீங்க. கையில என்ன ரத்தம்?"

"ஒண்ணுமில்ல, தகரம் கிழிச்சிடுச்சு." அவர் உள்ளே போய் முதலில் வால்வை மூடினார். பின்சன்னலைத் திறந்துவிட்டார். தொட்டியில் கருகிய துணி நனைந்து கிடந்தது. கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தபோது வீடு அமைதியானது. அந்த அமைதியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய நாற்காலியில், அவராகவே.

அவள் துணிக் கிழிசல் கொண்டுவந்து அவர் விரலைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, உங்ககிட்ட சொல்லணும். இங்க ஒரு கிழவன் வர்றான். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துக்குறான். இப்பக்கூட கதவைத் தட்டினான். நீங்கதான்னு சொல்லித் தட்டினான். நான் திறக்கவே இல்லை."

"நல்ல காரியம் பண்ணினே" என்றார்.

"போயிட்டானா?"

அவர் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். "போயிட்டான்."

அவள் முடிச்சுப் போட்டு, மீதித் துணியைப் பல்லால் கிழித்தாள். ஏதோ யோசித்தாள். "பாவம், குளிர்ல ரொம்ப நேரம் நின்னான். குரல் நடுங்குச்சு. நாளைக்கும் வருவானா?"

"வருவான்னுதான் நினைக்கிறேன்" என்றார். நாளைக்குச் சாயங்காலம் நிச்சயமாக வரும். நாடாவின் ஒற்றைச் சிமிட்டலோடுதான் வரும். தினமும் மீட்டர் பெட்டிதான் கதி. இந்தச் சுவிட்ச் எத்தனை சாயங்காலம் தாங்கும், இவள் எத்தனை சாயங்காலம் தாங்குவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "அவன் நல்லவன்தாம்மா. எனக்குத் தெரியும். வந்தா பயப்படாதே. உள்ள விட்டு உட்கார வை."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

"நீங்க சொன்னா சரி" என்றாள். "ஆனா நீங்க வீட்டுல இருக்கும்போது வரச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமிருக்காது."

"சரி, சொல்றேன்" என்றார் மூடுவிழாக்காரர்.